என் முட்டை ஏன் முதிரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 35. சென்ற மாதம் முதல் முறையாகச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். 12 முட்டைகள் எடுத்தார்கள். கையில் கொடுத்த தாளில் "ஜி.வி. 2, எம்-1 2, எம்-2 8" என்று இருந்தது. எட்டு முட்டைகளில் இக்சி முறையில் விந்தணுவைச் செலுத்தினார்கள். மறுநாள் ஐந்தில் "2 பி.என்.", ஒன்றில் "3 பி.என்.", இரண்டில் எதுவுமே இல்லை. இரண்டு கருக்கள் ஐந்தாம் நாள் வரை வளர்ந்து உறைநிலையில் இருக்கின்றன. "நாலு முட்டை மெச்சூர் ஆகலை" என்று மட்டும் சொன்னார்கள். கடைசி ஊசியை நான் 20 நிமிடம் தாமதமாகப் போட்டுக்கொண்டேன். அதனால்தான் முதிரவில்லையா? விந்தணுவை உள்ளேயே கொண்டுபோய் வைத்த பிறகும் இரண்டு முட்டைகள் ஏன் கருவாகவில்லை? வீட்டில் எல்லோரும் என் முட்டையில்தான் குறை என்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த 20 நிமிடத்தை முடித்துவிடுவோம். அதனால் இல்லை. கடைசி ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் நடுவே 34 முதல் 36 மணி நேரம் வரை விடுவது வழக்கம். அவ்வளவு நீண்ட இடைவெளியில் 20 நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. ஊசியைப் போடாமலே விட்டிருந்தாலோ, மருந்து சரியாக உள்ளே போகாமல் இருந்தாலோ, எட்டு முட்டைகள் எம்-2 நிலைக்கு வந்திருக்கவே முடியாது. எட்டு வந்திருக்கின்றன என்றால் ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. இதை நினைத்துத் தூக்கம் கெட்டது போதும்.

இனி அந்தத் தாள். கருவியல் ஆய்வகத்தில் அந்த எழுத்துகளைத் தினமும் எழுதுகிறவள் நான். எங்களுக்கு அவை வெறும் சுருக்கெழுத்து. வாங்கிப் படிப்பவருக்கோ மதிப்பெண் பட்டியல் போலத் தெரிகிறது என்பதை உங்கள் கடிதம் மறுபடியும் உணர்த்தியது. அது மதிப்பெண் இல்லை. ஒரே சாலையில் நடந்து வரும் 12 பேரை ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் நிற்கச் சொல்லி, யார் எந்த மைல்கல் அருகே நிற்கிறார் என்று குறித்துக்கொண்டது போன்றது. ஜி.வி., எம்-1, எம்-2 மூன்றும் அந்தச் சாலையின் மைல்கற்கள். சாலை எங்கே தொடங்குகிறது என்று சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும்.

அது நீங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தாயின் வயிற்றில் நீங்கள் ஐந்து மாதக் கருவாக இருந்தபோது உங்கள் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருந்திருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்திருக்கும். பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு லட்சம். ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுக்க மாதம் ஒன்றாக வெளியே வருபவை 400, 500தான். மீதி அத்தனையும் யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் தானாகவே கரைந்து போகின்றன.

அந்தச் சின்னஞ்சிறு செல்கள் கருப்பையிலேயே ஒரு பெரிய வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 46 குரோமோசோம்களை 23 ஆக்க வேண்டும். இதற்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை நகலெடுத்துக்கொள்கிறது. தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் இணை சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அடுத்து அவை பிரிய வேண்டும். ஆனால் பிரிவதில்லை. அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன. 15 ஆண்டுகள், 35 ஆண்டுகள், சில முட்டைகள் 50 ஆண்டுகள் கூட அந்தப் பாதி வேலையோடு காத்திருக்கின்றன. இவ்வளவு நாள் இப்படிக் காத்திருக்கும் செல் உடலில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நிலையில் முட்டையின் உட்கரு பெரிதாக, உருண்டையாக, நடுவே ஒரு புள்ளியோடு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். அதற்கு ஜெர்மினல் வெசிகிள் என்று பெயர். உங்கள் தாளில் இருக்கும் ஜி.வி. அதுதான்.

நிற்கிற முட்டையை நிறுத்தி வைத்திருப்பது எது? 1935இல் பின்கஸ், என்ஸ்மன் என்ற இருவர் முயலின் முட்டையை அது இருக்கும் நீர்ப்பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தார்கள். எந்த ஹார்மோனும் கொடுக்காமலே அது தானாக முதிரத் தொடங்கியது. ஆக, முட்டை சும்மா தூங்கவில்லை. சுற்றியிருக்கும் செல்கள் அதைப் பிடித்து வைத்திருந்தன. பிடித்த கை விலகியதும் அது நடக்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பிடி எப்படிப்பட்டது என்பது இன்று நன்றாகவே தெரியும். முட்டைக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு அதிகமாக இருக்கும் வரை பகுப்பு நகராது. அதை முட்டையே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் அதை உடைக்கும் நொதி ஒன்றும் முட்டைக்குள் இருக்கிறது. அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுவது சுற்றியிருக்கும் கிரானுலோசா, கியூமுலஸ் செல்களின் வேலை. அவை சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற இன்னொரு மூலக்கூறைத் தயாரித்து, நுண்ணிய குழாய் வாசல்கள் வழியாக முட்டைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. முட்டையைச் சுற்றியுள்ள சோனா பெலூசிடா என்ற தடித்த உறையைத் துளைத்து நீளும் மெல்லிய விரல்களால்தான் இந்தச் செல்கள் முட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இதே விரல்கள் வழியாகத்தான் ஊட்டமும் போகிறது. தாதிமார் என்று சொன்னால் மிகையில்லை.

மாதத்தின் நடுவே மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் வெள்ளமாக வருகிறது. நீங்கள் போட்டுக்கொண்ட கடைசி ஊசி இந்த வெள்ளத்தின் வேலையைச் செய்வதற்கானதுதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எல்.எச். சொல்வதை முட்டை நேரடியாகக் கேட்பதில்லை. சுற்றியிருக்கும் நீர்ப்பையின் செல்கள்தான் கேட்கின்றன. கேட்டதும் சைக்ளிக் ஜி.எம்.பி. குறைகிறது; கட்டுண்ட நொதி விடுபடுகிறது; முட்டைக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. சரிகிறது; பகுப்பை நடத்தும் சி.டி.கே.1 என்ற நொதி விழித்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் உட்கருவின் சவ்வு கரைந்துபோகிறது. அந்த உருண்டை இனி கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் இரண்டு ஜி.வி. முட்டைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஊசியின் செய்தி அவற்றை எட்டவில்லை. பெரும்பாலும் அவை சிறிய நீர்ப்பைகளில் இருந்தவை; அங்கிருக்கும் செல்கள் எல்.எச். சொல்வதைக் கேட்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. ஊசி மருந்து எல்லா நீர்ப்பைகளையும் ஒரே அளவுக்கு வளர்த்துவிடுவதில்லை. மருத்துவர் எடுக்கும்போது பெரியவற்றோடு சில சிறியவையும் வந்துவிடும். அவை குறையுள்ள முட்டைகள் என்று அதனால் மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்து எம்-1. என் கணக்கில் முட்டையின் பயணத்தில் மிக ஆபத்தான கட்டம் இதுதான். வயதின் பாரம் விழுவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உட்கருச் சவ்வு கரைந்த பிறகு குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க இழைகள் வேண்டும். கதிர் போல இரு முனையும் கூர்ந்து நிற்கும் இந்த இழைக்கட்டைக் கதிர்கோல் என்பார்கள். உடலின் மற்ற செல்களில் இரு முனைகளிலும் சென்ட்ரோசோம் என்ற நங்கூரம் இருக்கும். இழைகள் அங்கிருந்து ஒழுங்காக விரியும். முட்டையில் அந்த நங்கூரம் இல்லை. எலியின் முட்டை அதற்குப் பதிலாகப் பல சிறு மையங்களை ஒன்றுதிரட்டி மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் கதிர்கோலைக் கட்டிவிடுகிறது. மனித முட்டையில் அப்படிப் பல மையங்கள் திரள்வதில்லை. பெரும்பாலும் குரோமோசோம்களைச் சுற்றித்தான் இழைகள் மெல்லத் திரள வேண்டும். உயிருள்ள மனித முட்டைகளைத் தொடர்ந்து படம்பிடித்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆவது தெரிந்தது. அந்த நேரத்தில் பல முட்டைகளில் கதிர்கோல் தள்ளாடுகிறது; இரண்டு முனைக்குப் பதில் மூன்று முனை முளைத்து மறுபடி சரியாகிறது. இளம் பெண்களின் முட்டைகளிலும் கூட இப்படித்தான். குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைகள் எலியைவிட மனிதரில் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியமான விடை.

இன்னொரு விடை பசை. நகலெடுத்த குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹெசின் என்ற வளையப் புரதம். நீங்கள் கருவில் இருந்தபோது பூசிய பசை அது. எலிகளில் செய்த சோதனைகள், அந்தப் பசை பிற்பாடு புதுப்பிக்கப்படுவதில்லை என்று காட்டியிருக்கின்றன. ஆண்டுகள் ஏற ஏற அது தளர்கிறது. பிரிய வேண்டிய நேரம் வருமுன்பே சில இணைகள் நழுவிப் பிரிகின்றன. 35 வயதுக்குப் பிறகு கருச்சிதைவும் குரோமோசோம் கோளாறும் கூடுவதற்கு இது பெரிய காரணம். உணவு, ஓய்வு, மனநிலை எதுவும் இந்தப் பசையைப் புதிதாகப் பூசாது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் "இந்த மாத்திரை முட்டையை இளமையாக்கும்" என்று சொல்கிறவர்களிடம் நீங்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். புகையை விடுவது உறுதியாக நல்லது. அதற்கு மேல் யார் வாக்குறுதி கொடுத்தாலும், மனிதர்களிடம் சோதித்த சான்று என்ன என்று கேளுங்கள்.

கதிர்கோல் அமைந்ததும் அது முட்டையின் நடுவில் இருப்பதில்லை. ஆக்டின் என்ற புரத இழைகள் அதை ஓரத்துக்கு நகர்த்துகின்றன. காரணம் சிக்கனம். முட்டை இரண்டாகப் பிரிய வேண்டும், ஆனால் சேர்த்துவைத்த சொத்தைப் பங்கு போடக் கூடாது. அதனால் ஓரத்தில் ஒரு சிறு மொட்டு போலப் பிரிந்து, பாதிக் குரோமோசோம்களை எடுத்துக்கொண்டு வெளியே நிற்கிறது முதல் துருவ உறுப்பு. சொத்தில் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடம் தங்கிவிடுகிறது. உங்கள் எம்-1 முட்டைகள் இரண்டும் இந்த மொட்டு வெளிவருவதற்கு முன் எடுக்கப்பட்டவை: உட்கரு கரைந்துவிட்டது, துருவ உறுப்பு இன்னும் வரவில்லை. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்.

இந்த நேரக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. மனித முட்டை வெளியே எடுத்த 12 மணி நேரத்தில் முதிர்ந்துவிடும் என்று 1930களில் எழுதி வைத்திருந்தார்கள். அதை நம்பித் தொடங்கிய ராபர்ட் எட்வர்ட்ஸ், தன் முட்டைகளில் அந்த நேரத்துக்குள் ஒன்றும் நடக்காததைக் கண்டார். விட்டுவிடாமல் இன்னும் காத்திருந்து பார்த்தார். 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் உட்கரு கரையத் தொடங்கியது. எம்-2 வர ஒன்றரை நாள் ஆயிற்று. 1965இல் அதை வெளியிட்டார். 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும், 2010இல் அவர் நோபல் பரிசு பெற்றதும், அந்தக் காத்திருப்பின் தொடர்ச்சிதான். உங்களுக்கு விட்ட 34, 36 மணி நேரக் கணக்கும் இந்த இயற்கைக் கடிகாரத்தை ஒட்டியதே.

துருவ உறுப்பு வெளியே வந்ததும் முட்டை ஓய்வெடுப்பதில்லை. உடனே இரண்டாவது கதிர்கோலைக் கட்டி, குரோமோசோம்களை வரிசையில் நிறுத்தி, மறுபடியும் நின்றுவிடுகிறது. இதுதான் எம்-2. இம்முறை பிடித்து வைத்திருப்பது முட்டைக்குள்ளேயே இருக்கும் இ.எம்.ஐ.2 என்ற புரதம். இப்படி ஒரு தடுப்பு முட்டைக்குள் இருக்க வேண்டும் என்று 1971இல் மசுயியும் மார்கெர்ட்டும் தவளை முட்டைகளில் முதலில் காட்டினார்கள். இந்தப் பிடியை விடுவிக்க வேண்டியது விந்தணு. அது வராவிட்டால் முட்டை வெளியேறி ஒரு நாளுக்குள் வீணாகிவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எட்டும் எம்-2 தானே, பிறகு ஏன் இரண்டு கருவாகவில்லை?

நாங்கள் எம்-2 என்று எழுதும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கிறோம்: துருவ உறுப்பு வெளியே வந்திருக்கிறதா என்று. அது குரோமோசோம்கள் முதிர்ந்ததற்கு அடையாளம். முட்டையின் மற்ற உள்ளறைகளும் முதிர்ந்தனவா என்பது சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாது. என் தொழிலில் எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் இடம் இது.

அந்த உள்ளறைகளில் என்னென்ன நடக்க வேண்டும் தெரியுமா? வளரத் தொடங்குமுன் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருந்த முட்டை, பத்தில் ஒரு பங்கைத் தாண்டி வளர்ந்திருக்க வேண்டும். கொள்ளளவில் முப்பது மடங்குக்கு மேல். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகியிருக்க வேண்டும். விந்தணு கொண்டுவருவது நூறுக்கும் குறைவு. அவையும் பிறகு அழிக்கப்படுகின்றன. வளர்ந்து முடிந்த முட்டை புதிதாக மரபணுச் செய்திகளை எழுதுவதை நிறுத்திவிடும். அதனால் அடுத்த சில நாட்களுக்குத் தேவையான ஆர்.என்.ஏ. செய்திகள் எல்லாவற்றையும் முன்பே எழுதிச் சேமித்து வைத்திருக்க வேண்டும். கால்சியத்தைச் சேமிக்கும் எண்டோபிளாச வலை ஓரத்துக்கு நகர்ந்து கொத்துக் கொத்தாக நிற்க வேண்டும். ஓரத் துகள்கள் எனப்படும் ஆயிரக்கணக்கான சிறு பைகள் சவ்வின் கீழே அணிவகுக்க வேண்டும். விந்தணுவின் தலையில் டி.என்.ஏ. இறுக்கிக் கட்டப்பட்டு வருகிறது. அந்தக் கட்டை அவிழ்க்க குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு போதிய அளவு சேர்ந்திருக்க வேண்டும். துத்தநாகமும் சேர வேண்டும். துருவ உறுப்பு வந்துவிட்டது, இவற்றில் ஒன்றிரண்டு பின்தங்கிவிட்டன என்றால், தாளில் அதுவும் எம்-2 தான்.

விந்தணு வரும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இயற்கையாக என்றால் விந்தணுவுக்கு நெடும்பயணம் உண்டு. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்தால்தான் அது திறன் பெறுகிறது. இதை 1951இல் சாங், ஆஸ்டின் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பிறகு அதன் தலையிலுள்ள அக்ரோசோம் என்ற நொதிப் பை திறந்து, சோனா உறையைத் துளைத்து, முட்டையின் சவ்வைத் தொட வேண்டும். விந்தணுவின் மேல் இருக்கும் இசுமோ என்ற புரதமும் முட்டையின் மேல் இருக்கும் ஜூனோ என்ற புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். முதலாவது 2005இல் தெரியவந்தது. திருமணங்களோடு தொடர்புள்ள ஒரு ஜப்பானியக் கோயிலின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் இணை கிடைக்க 2014 வரை ஆனது. அதற்கு ரோமானியரின் திருமணத் தெய்வத்தின் பெயர். இக்சியில் இவை அத்தனையும் தேவையில்லை. ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து நேராக உள்ளே வைத்துவிடுகிறோம்.

ஆனால் உள்ளே வைப்பது கருவுறுதல் இல்லை. வாசலைக் கடந்தாயிற்று, அவ்வளவுதான். முட்டை இன்னும் எம்-2 நிலையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதை எழுப்ப வேண்டும். எழுப்புவது விந்தணு கொண்டுவரும் பி.எல்.சி. சீட்டா என்ற புரதம். இது 2002இல் அடையாளம் காணப்பட்டது. அது முட்டைக்குள் கரைந்ததும், சேமிப்பு வலையிலிருந்து கால்சியம் அலையாகப் பாய்கிறது. ஒரு முறை அல்ல. அடங்கி, மீண்டும் எழுந்து, மீண்டும் அடங்கி, பல மணி நேரம் துடிக்கிறது. இந்தத் துடிப்புதான் இ.எம்.ஐ.2 என்ற பிடியை அழிக்கிறது. குரோமோசோம்கள் பிரிகின்றன, இரண்டாம் துருவ உறுப்பு வெளியேறுகிறது. தாயின் வயிற்றில் தொடங்கிய குன்றல் பகுப்பு, விந்தணு உள்ளே வந்த பிறகுதான் முடிகிறது.

அதே கால்சியம் அலையில் ஓரத் துகள்கள் வெடித்து வெளியே கொட்டுகின்றன. அதிலுள்ள நொதி சோனா உறையை மாற்றி, இன்னொரு விந்தணு நுழையாதபடி செய்துவிடுகிறது. முட்டை சேர்த்துவைத்த துத்தநாகத்தில் கோடிக்கணக்கான அணுக்களும் அலை அலையாக வெளியேறுகின்றன. இதை எலியில் 2011இலும் மனித முட்டையில் 2016இலும் காட்டினார்கள். "உயிர் உருவாகும்போது ஒளி வெடிக்கிறது" என்று ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கலாம். முட்டை ஒளிர்வதில்லை. துத்தநாகம் பட்டால் ஒளிரும் சாயத்தை வெளியே வைத்திருந்தார்கள். ஒளிர்ந்தது அந்தச் சாயம். துத்தநாகம் வெளியேறுவது மட்டும் உண்மை, அதுவே போதிய அதிசயம்.

உங்கள் இரண்டு முட்டைகளில் இந்தத் தொடர் எங்கோ அறுந்திருக்கிறது. முட்டை எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். அதற்கு விந்தணுவில் அந்தப் புரதம் குறைவாக இருந்தது காரணமாக இருக்கலாம். முட்டையின் கால்சிய வலை தயாராக இல்லாததும் காரணமாக இருக்கலாம். எழுந்த பிறகு விந்தணுவின் தலை அவிழாமல் போயிருக்கலாம். சில நேரம், நாங்கள் உள்ளே வைத்த விந்தணு சவ்வின் மடிப்பில் சிக்கி முட்டைக்கு வெளியேயே தங்கிவிடுவதும் உண்டு. அது எங்கள் கையின் குறை. இவற்றில் எது என்று அந்த இரண்டு முட்டைகளை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் யார் "உன் முட்டையில்தான் குறை" என்று சொன்னாலும், அந்தத் தாளில் அதற்கு ஆதாரம் இல்லை. கருவியலாளராக இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் கணவரும் இந்தப் பத்தியைப் படிக்கட்டும்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடுக்கும் முட்டைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதிராமல் இருப்பது எங்கும் சாதாரணம். உங்களுக்கு 12இல் நான்கு. சற்றே கூடுதல், கவலைப்படும்படி இல்லை. இக்சியில் எட்டில் ஐந்து கருவுற்றதும் அப்படித்தான். முட்டைகள் அத்தனையும் ஒவ்வொரு முறையும் எம்-1இலேயே நின்றுவிடும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கதிர்கோல் இழையின் மரபணுவிலேயே பிழை இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். எட்டு எம்-2 கிடைத்த நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

3 பி.என். என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விந்தணுவைச் செலுத்தி 16 முதல் 18 மணி நேரம் கழித்து நாங்கள் முட்டைகளைப் பார்ப்போம். எல்லாம் சரியாக நடந்திருந்தால் நடுவே இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஒன்று தாயின் குரோமோசோம்கள், மற்றது தந்தையுடையவை. ஒவ்வொன்றும் தன் சவ்வுக்குள். இவைதான் புரோநியூக்ளியஸ்கள், அதாவது பி.என். மனிதரில் இவற்றை அருகருகே இழுத்துச் சேர்க்கும் இழைகளின் மையத்தை விந்தணு கொண்டுவருகிறது. எலியில் அப்படி இல்லை. இந்தக் காட்சி சில மணி நேரமே நிற்கும். பிறகு இரண்டும் கரைந்து முதல் செல் பகுப்பு தொடங்கிவிடும். அதனால்தான் எங்கள் வேலை அவ்வளவு நேரம் பார்த்து நடக்கிறது. மூன்று உருண்டைகள் இருந்தால் ஒரு பங்கு கூடுதல் என்று பொருள். ஒரே ஒரு விந்தணுவை வைக்கும் இக்சியில், பெரும்பாலும் வெளியேற வேண்டிய இரண்டாம் துருவ உறுப்பு வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டது என்பதுதான் காரணம். 46க்குப் பதில் 69 குரோமோசோம்கள் ஆகிவிடும். அதனால் அந்த முட்டையைக் கருப்பையில் வைப்பதில்லை.

ஐந்தில் இரண்டு மட்டும் ஐந்தாம் நாளைத் தொட்டதைப் பற்றியும் உங்களுக்குக் கேள்வி இருக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கரு ஓடுவது முட்டை சேமித்து வைத்த செய்திகளில்தான். நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான் அதன் சொந்த மரபணுக்கள் பேசத் தொடங்குகின்றன என்று 1988இல் தெரிந்தது. எலிக்கு இது இரண்டு செல்லிலேயே நடந்துவிடுகிறது. சேமிப்பு குறைந்த கருவும் குரோமோசோம் கணக்கு தவறிய கருவும் பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில் நின்றுவிடும். அதைத் தாண்டிய இரண்டு உங்களுக்காக உறைநிலையில் இருக்கின்றன. முதலில் அவற்றுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். புதிதாக முட்டை எடுப்பதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ஊசி எந்த வகை, அதற்கும் முட்டை எடுத்ததற்கும் இடையே சரியாக எத்தனை மணி நேரம்? அன்று நீர்ப்பைகளின் அளவுகள் என்னென்ன, சிறியவை எத்தனை? இரண்டு எம்-1 முட்டைகளும் மாலைக்குள் அல்லது மறுநாள் துருவ உறுப்பைத் தள்ளினவா? கருவுறாத இரண்டிலும் இரண்டாம் துருவ உறுப்பு தெரிந்ததா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தெரிந்தது என்றால் முட்டை எழுந்திருக்கிறது, சிக்கல் அதற்குப் பின்னால். தெரியவில்லை என்றால் எழவே இல்லை. மறுபடியும் முட்டை எடுக்க நேர்ந்து, அப்போது பெரும்பாலான முட்டைகள் இப்படி எழாமல் நின்றால், கால்சியம் உள்ளே பாய உதவும் திரவத்தில் முட்டையைச் சிறிது நேரம் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. எட்டில் ஐந்து கருவுற்ற உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. யாராவது கூடுதல் சேவை என்று பட்டியலில் சேர்த்தால், எதற்காக என்று கேளுங்கள்.

விடைகள் கிடைத்ததும், விருப்பமிருந்தால் மறுபடி எழுதுங்கள். தாளில் உள்ள எழுத்துகளை அப்படியே எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் கருவியலாளர்